ஒவ்வாமை: இல்லை

பிப்ரவரி 6, செவ்வாய்

காலை முழுக்க மென்பொருள் கம்பெனி ஆள் வந்து சொல்லிக்கொடுத்தார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஒரே ஒரு பட்டன்தான் மேடம்." அவர் வாசல் தாண்டுவதற்குள் தம்பி மனைவி அவருக்குப் 'பட்டன்' என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகிறது. தம்பி இறந்து மூன்று வருடம். அவளும் மகளும் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். க்ளினிக்கின் முன்மேஜை அவள் பொறுப்பு. உள்ளே நான். அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

சுகாதாரத் துறையின் கடிதத்தை நான்கு மாதமாக இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். நோயாளிகளின் காகித அட்டைகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் டாக்டர்களுக்கு அரசு ஊக்கத்தொகை தருகிறது. மார்ச் 31க்குள் மாற்றினால் முழுசாக. அடுத்த வருடம் என்றால் பாதி. அதற்கும் மேல் இழுத்தடித்தால் பிடித்தம். முதலில் மிட்டாய், பிறகு பிரம்பு. பள்ளிக்கூடத்தில் பார்த்த கதைதான்.

ஒவ்வொருவருக்கும் ஐந்து கட்டங்கள்: பிறந்த தேதி, ரத்த அழுத்தம், சாப்பிடும் மருந்துகள், புகைப்பழக்கம், ஒவ்வாமை. பத்து பேரில் எட்டு பேருக்காவது ஐந்தும் நிரம்பியிருக்க வேண்டும். தம்பி மனைவி அலமாரியைத் திறந்து அட்டைகளை எண்ணினாள். 3,412.

"அண்ணி, இதெல்லாம் நான் ஒருத்தியா?"

"நானும் இருக்கேன்ல."

எனக்கு இரண்டு விரலால்தான் தட்டத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி 19, திங்கள்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இன்று கோபித்துக்கொண்டார். "நாக்கை நீட்டுன்னு சொல்லிட்டு நீங்க அந்தப் பெட்டியைப் பார்த்துக்கிட்டு இருந்தா, நான் யாருக்கு நாக்கை நீட்டுறது?" நியாயம்தானே.

மூன்று கடை தள்ளியிருக்கும் தையல்காரர் என் வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்தார். டேப்பே வைக்க மாட்டார், கண்ணாலேயே அளவெடுப்பார். "டாக்டரம்மா, ஒரு இஞ்சு கூட்டி வச்சிருக்கேன். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார ஆரம்பிச்சிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்." தம்பி மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. கோட்டு கச்சிதம்.

மார்ச் 7, வியாழன்

1,140 முடிந்திருக்கிறது. அவளுக்குக் கழுத்து வலி. தைலம் தேய்த்துக்கொண்டே தட்டுகிறாள். நான் பார்த்துச் சொல்வதில்தான் நேரம் போகிறது. இருபது வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து எனக்கே புரிவதில்லை. டாக்டர் கையெழுத்து என்று ஊரே கேலி செய்தபோது பெருமையாக இருந்தது. இப்போது அனுபவிக்கிறேன்.

மார்ச் 20, புதன்

இன்னும் பதினொரு நாள். ஆயிரத்துக்கும் மேல் பாக்கி.

பெரும்பாலும் ஒவ்வாமைக் கட்டத்தில்தான் சிக்குகிறது. எந்த மருந்து யாருக்கு ஆகாதோ, அதை அட்டையின் மேல்மூலையில் சிவப்பு மையால் எழுதுவது என் பழக்கம். ஆனால் பழைய நோயாளிகளுக்கு ஒரு அட்டை நிரம்பியதும் புது அட்டை போட்டு, பழையதைப் பின்னால் வைத்துப் பின் அடித்திருக்கிறேன். சிலருக்கு நான்கு, ஐந்து அட்டை. சிவப்பு மை எந்த அட்டையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் கணக்கில் சேராது. 'தெரியவில்லை' என்று போட்டாலும் சேராது. பட்டனிடம் போனில் கேட்டேன். "'இல்லை'ன்னு ஒரு பட்டன் இருக்கு மேடம். எல்லா க்ளினிக்லயும் அதைத்தான் போடுறாங்க. அப்புறமா திருத்திக்கலாம்."

மதியம் தம்பி மனைவி ஒரு கட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணி, பின்னாடி பின் அடிச்சிருக்கிற பழசையெல்லாம் பிரிச்சுப் பார்க்கணுமா?"

"மேல உள்ளதை மட்டும் பாரு. சிவப்பு இல்லைன்னா 'இல்லை'ன்னு போட்டுட்டுப் போயிட்டே இரு. அவங்க நேர்ல வர்றப்ப கேட்டுத் திருத்திக்கலாம்."

அவள் கொஞ்சம் நின்றாள். "சரி" என்று போனாள்.

சரிதானே? எல்லோரும் எப்படியும் வரத்தான் போகிறார்கள்.

மார்ச் 30, சனி

முடிந்தது. ஒரு நாள் மிச்சம். அவளுக்கும் அவள் மகளுக்கும் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

முதல் தவணை வந்துவிட்டது. இ.சி.ஜி. மெஷினுக்குச் சொல்லிவிட்டேன், இனி நெஞ்சு வலி என்று வருகிறவரை ஆட்டோவில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம். தொகையைவிட இன்னொரு கடிதம்தான் தலைகால் புரியாமல் செய்துவிட்டது. மே 14ஆம் தேதி தலைநகரில் கூட்டம். 'சிறிய க்ளினிக் எப்படிச் சாதித்தது' என்று நான் பேச வேண்டுமாம்.

அன்று க்ளினிக்கைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரிக் காலத்து சீனியரைக் கேட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், கம்ப்யூட்டர் என்றாலே முகத்தைச் சுளிப்பவர். "உன் பெட்டியை எனக்குத் திறந்து வச்சிட்டுப் போ. நான் படிச்சுக்கிறேன். தட்டச் சொல்லாதே."

மே 14, செவ்வாய்

தையல்காரர் இறந்துவிட்டார். என் க்ளினிக்கில்.

மே 15, புதன்

எழுதி முடித்தால்தான் படுக்க முடியும் போலிருக்கிறது.

நேற்றுப் பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கி உட்கார்ந்தேன். கைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பதினாலு அழைப்பு. எல்லாம் அவள். எடுத்தால், "அண்ணி... அண்ணி..." என்று மட்டும்.

நடந்தது இதுதான். தையல்காரருக்கு வலது காலில் வீக்கம், சிவப்பு, காய்ச்சல். தோலடியில் சீழ்த் தொற்று. சீனியர் பார்த்துவிட்டுப் பெனிசிலின் ஊசி போடலாம் என்று முடிவு செய்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன். 'எந்த ஊசியாவது ஒத்துக்காதா?' என்று கேட்டிருக்கிறார். கேட்டார்! கேட்காமல் போடவில்லை. தையல்காரர் கையால் கம்ப்யூட்டரைக் காட்டி, "எல்லாம் அதுல இருக்கு டாக்டர்" என்றாராம். சீனியர் திரையைப் பார்த்தார். ஒவ்வாமை: இல்லை.

ஊசி போட்ட மூன்று நிமிஷத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்து. அதை அடக்க அட்ரினலின் ஊசி இரண்டு முறை போட்டிருக்கிறார். மார்பை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வர இருபத்தாறு நிமிஷம்.

நான் வந்தபோது அவர் மனைவி க்ளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மெதுவாகக் கேட்டார்: "பர்ஸ்ல ஒரு சீட்டு வச்சிருப்பாரு, நீங்க எழுதிக் கொடுத்ததுதான். இந்த ஊசி ஆகாதுன்னு. பத்து வருஷமா வச்சிருந்தாரு. போன மாசம் தூக்கிப் போட்டுட்டாரு. இனிமே தேவையில்ல, கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

நான் சொன்னேனா? ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பேன். அந்த நாட்களில் எல்லோரிடமும் பெருமையாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 16, வியாழன்

அலமாரியிலிருந்து அவருடைய அட்டையை எடுத்தேன். மூன்று அட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாகப் பின் அடித்தவை. மூன்றாவதில் மேல்மூலையில் சிவப்பு மை. 'பெனிசிலின் கூடாது.' அடியில் இரண்டு கோடு.

என் கையெழுத்து இவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மே 29, புதன்

அவர் மனைவி போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். மருத்துவக் கவுன்சிலும் விசாரிக்கிறது. டாக்டர்கள் சங்கத்து வக்கீல் வந்தார். கம்ப்யூட்டரில் யார், எப்போது, எந்தக் கட்டத்தை நிரப்பினார்கள் என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. தையல்காரரின் கட்டத்தை நிரப்பியது தம்பி மனைவியின் பெயரில், மார்ச் 22, மாலை 4.52. அதையொட்டிய முக்கால் மணி நேரத்தில் மட்டும் அறுபத்தொரு பேருக்கு 'இல்லை'.

வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்பத் தெளிவா இருக்கு டாக்டர். பதிவு செஞ்சவங்க கவனக்குறைவு. நீங்க எழுத்துல ஏதாவது உத்தரவு போட்டீங்களா?"

"இல்ல. வாயாலதான்—"

"அப்ப அதை நான் கேட்கல, நீங்களும் சொல்லல."

அவர் எழுதிக்கொண்டு வந்திருந்த வாக்குமூலத்தில் 'பதிவின்போது ஏற்பட்ட பிழை' என்று ஒரு வரி. யாருடைய பிழை என்று இல்லை. பொய் ஒன்றுமில்லையே என்று சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

சீனியர் போனை எடுப்பதில்லை. நேரில் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி, "தூங்குறார்" என்றார். உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது.

ஜூன் 13, வியாழன்

விசாரணை. நீள மேஜை, மூன்று பேர், எங்களுக்கு இரண்டு நாற்காலி. தண்ணீர்ப் பாட்டில்கூட வைத்திருந்தார்கள்.

நடுவில் இருந்த பெண்மணி தம்பி மனைவியிடம் கேட்டார்: "பழைய அட்டைகளைப் பார்க்காம ஏன் இப்படிப் போட்டீங்க? யாராவது சொன்னாங்களா?"

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லலைங்க. எனக்குக் கழுத்து வலி. சீக்கிரம் முடிக்கணும்னு நானாத்தான் போட்டுட்டேன்."

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கை தூரம். வாயைத் திறந்திருக்கலாம். 'இல்லை, நான்தான் சொன்னேன்', அவ்வளவுதானே? மூன்றே வார்த்தை. அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பி, "டாக்டர், நீங்க எதுவும் சேர்க்கணுமா?" என்று கேட்டார். கேட்டார்!

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

ஜூன் 14, வெள்ளி

காலையில் டீ கொண்டுவந்து வைத்தாள். எப்போதும்போல.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றேன்.

"உங்க லைசென்ஸ் போயிட்டா க்ளினிக்கே போயிடும் அண்ணி. என் பொண்ணு படிப்பு, இந்த வீடு, எல்லாம் அதுலதானே. என்கிட்ட போறதுக்கு என்ன இருக்கு?"

"போலீஸ் கேஸ் ஆகும்."

"தெரியும்."

டீயைக் குடிக்க முடியவில்லை. ஆற வைத்துக் கொட்டினேன்.

ஜூன் 20, வியாழன்

இன்ஸ்பெக்டர் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்தார். நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, அரை மணி நேரம் கேள்வி. மகளுக்குப் பள்ளியில் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அந்தப் பெண் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டாள்: "அத்தை, எங்க அம்மா ஒருத்தரைக் கொன்னுட்டாங்களா?"

இல்லடா என்றேன். அவள் இன்னும் ஏதோ வருமென்று நின்றாள். பிறகு மேலே போய்விட்டாள்.

என்ன பிறவி நான்?

ஜூன் 24, திங்கள்

தையல்காரர் மனைவி வந்தார். அந்த நேரத்தில் காத்திருப்பு அறையில் யாரும் இல்லை. இப்போதெல்லாம் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. தம்பி மனைவி எழுந்து பின்னால் போய்விட்டாள்.

"அவரோட கார்டைப் பார்க்கணும்" என்றார்.

காட்டக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். அவர் மூன்றையும் மெதுவாகப் புரட்டினார். முதலிரண்டில் ஒன்றும் பெரிதாக இல்லை: இருமல், முதுகு வலி, விரலில் ஊசி ஏறியது. மூன்றாவதில் நின்றுவிட்டார். சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது யார் எழுத்து?"

"என்னோடது."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் அந்தப் பொண்ணைப் போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார வச்சீங்க? அந்தப் பொண்ணு டாக்டரா? நீங்க சொல்லாம அது எதையாவது செஞ்சிருக்குமா? பதினஞ்சு வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டைகளை அடுக்கி, ஓரம் தட்டிச் சரியாக்கி, மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 25, செவ்வாய்

வக்கீலுக்குச் சொல்லாமலே புதிய வாக்குமூலம் எழுதினேன். மார்ச் 20 மதியம் அவள் வந்து கேட்டது, நான் சொன்ன பதில், இரண்டையும் அப்படியே. ஊக்கத்தொகைக்கான நாள் முடிவதால் அவசரப்பட்டேன் என்றும். அந்த வரியை மூன்று முறை அடித்துத் திரும்ப எழுதினேன். 'வேலைப்பளு காரணமாக' என்று முதலில் வந்தது. அது பொய். வேலை அதிகம்தான், ஆனால் காரணம் அது இல்லை. தொகை வேண்டும், பெயர் வேண்டும், மேடை வேண்டும் என்று நினைத்தேன். அதையும் எழுதினேன். சீனியர் கேட்டுவிட்டுத்தான் ஊசி போட்டார், அவர்மீது குற்றம் இல்லை என்றும் எழுதினேன். கவுன்சிலுக்கு ஒரு பிரதி, ஸ்டேஷனுக்கு ஒரு பிரதி.

வக்கீல் போனில் கத்தினார். "தற்கொலை பண்ணிக்கிறீங்க டாக்டர்!" காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி மனைவியிடம் பிரதியைக் காட்டினேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா, நான் பொய் சொல்லியிருக்க வேண்டாம் அண்ணி. மூணு பேருக்கு முன்னாடி பொய் சொன்னேன். என் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியல."

அவளும் மகளும் மேலே போனார்கள். கதவு சாத்தும் சத்தம்.

ஜூலை 9, செவ்வாய்

மூன்றாவது நோயாளியும் வராததால் பதினோரு மணிக்கே பூட்டினேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தீர்ப்பு வந்தது. ஒன்பது மாதம் நான் வைத்தியம் பார்க்கக்கூடாது. ஊக்கத்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். எல்லா நோயாளிகளின் ஒவ்வாமை விவரத்தையும் அவர்களிடமே கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் க்ளினிக்கை வேறு டாக்டரை வைத்தாவது நடத்தலாம். சீனியர்மீது நடவடிக்கை இல்லை. தம்பி மனைவிக்கு, முதலில் மாற்றிச் சொன்னதற்காக, எழுத்தில் எச்சரிக்கை. போலீஸ் கேஸ் இப்போது என் பெயரில்.

சீனியருக்குக் கடிதம் அனுப்பினேன். பதில் ஒரே வரி: 'நான் கேட்டேன். இன்னொரு தடவை அவர்கிட்டயே கேட்டிருக்கணும்.' அவர் இனி எங்கும் ஊசியைக் கையில் எடுக்க மாட்டார் என்று அவர் மனைவி சொன்னார்.

செப்டம்பர் 16, திங்கள்

சரிபார்க்கும் வேலையை நானே தொடங்கினேன். அட்டைக் கட்டு, போன், கம்ப்யூட்டர். இரண்டு விரல். முதல் நாள் பதினேழு பேர். இந்த வேகத்தில் போனால் வருடம் முடிந்துவிடும்.

செப்டம்பர் 18, புதன்

பத்து மணிக்கு அவள் கீழே இறங்கி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க போன்ல கேளுங்க, நான் தட்டுறேன்" என்றாள்.

அவ்வளவுதான். நான் அடுத்த நம்பரைப் போட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

இதுவரை 'இல்லை' என்று தவறாகப் போட்டிருந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஆஸ்பிரின், சல்ஃபா, பெனிசிலின். ஒரு பள்ளிச் சிறுமிக்கு வலிப்பு மாத்திரை. ஒவ்வொன்றைத் திருத்தும்போதும் அவள் விரல் ஒரு கணம் நிற்கிறது. நானும் பேச்சை நிறுத்துகிறேன். முப்பத்தொரு தையல்காரர்கள். வரிசையாக, எதுவும் தெரியாமல், நடமாடிக்கொண்டு.

சிலர் திட்டுகிறார்கள். சிலர் பாவம் என்கிறார்கள். திட்டுகிறவர்களிடம் பேசுவது எளிதாக இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

தையல் கடையில் செருப்புக் கடை வரப்போகிறதாம். உள்ளே பெயிண்ட் அடிக்கிறார்கள். தையல்காரர் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். முகவரி கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

நவம்பர் 21, வியாழன்

காலை பதினொன்றரை. தம்பி மனைவி அடுத்த அட்டையை எடுத்தாள், பெயரைப் பார்த்தாள், கட்டுக்கு அடியில் வைக்கப் போனாள். நான் கையை நீட்டி வாங்கினேன். தையல்காரர் மனைவியின் அட்டை. அவரும் என் நோயாளிதானே.

"நான் பேசட்டுமா அண்ணி?"

"வேண்டாம்."

மூன்று முறை மணி அடித்தது. எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். எதற்குப் பேசுகிறேன் என்றும் சொன்னேன், எல்லோரிடமும் சொல்வதுபோலவே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். "ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்காதா?"

அங்கே பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"சல்ஃபா மாத்திரை" என்றார். "உதடு வீங்கும். எழுதுங்க."

தம்பி மனைவி தட்டினாள்.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சும்மா."

"திருப்பிப் படிங்க."

திரையைப் பார்த்துப் படித்தேன். பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை. ஒவ்வாமையை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சரி" என்றார். போன் வைக்கப்பட்டது.